ஒற்றை மணிக்கு விழுந்த மூன்று கோல்

தங்கவயல், பாலகாட்,
1903 ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை இரவு.

வேலூரில் வாசமாயிருக்கிற கனம் பொருந்திய மாணிக்கராஜ் மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகள் ஞானசுந்தரி அநேக ஸ்தோத்திரங்களோடு எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் அப்பா, அம்மா, நான் யாவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். தங்கள் சுகமும் அத்தையின் சுகமும் அறிய ஆவலாயிருக்கிறோம்.

சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை என்று அப்பா கற்றுக்கொடுத்திருப்பதால் அப்படி எழுதினேன். நிஜத்தில் அப்பா நேற்று சாயங்காலம் முதல் சாப்பிடவில்லை. நான் அடுப்பங்கரையில் அரிசிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து, சிம்னி விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். முன்னறையில் தாங்கள் எங்களுக்கு அனுப்பிவைத்த ஏனோக் வாத்தியார் குறட்டை விடுகிறார். அந்தக் குறட்டை நிற்கும்போதெல்லாம் நான் விளக்கை ஊதிவிடுகிறேன். ஆகையால் சில வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விஷயம் என்னவென்றால், தாங்கள் இந்தக் கடிதம் கண்ட உடனே ரயில் ஏறி மாரிகுப்பம் ஸ்டேஷனில் இறங்கி வந்து ஏனோக் வாத்தியாரைத் திரும்ப அழைத்துக்கொண்டு போக வேண்டும். முடிந்தால் என்னையும் அழைத்துப் போக வேண்டும். நாளைக் காலை பள்ளிக்கூடத்தில் சுரங்கத்து மேனேஜர் துரை விசாரணை வைத்திருக்கிறார். அதில் உண்மை தெரிந்தால் பெண்கள் வகுப்பை மூடிவிடுவார்கள். வருகிற டிசம்பரில் நான் எழுத வேண்டிய லோயர் செகண்டரி பரீட்சை அத்தோடு போயிற்று. பையன்களுக்குப் பள்ளிக்கூடம் போனால் சுரங்கம் இருக்கிறது. எங்கள் வகுப்புப் பெண்கள் ஏழு பேருக்கும் அடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. கடிதம் வந்து சேருவதற்குள் விசாரணை முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் யாருக்காவது எழுதாவிட்டால் நான் அழுதுவிடுவேன், அழுதால் அம்மா விழித்துக்கொள்வாள்.

தாங்கள் ஏனோக் வாத்தியாரை அனுப்பிய காரணம் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் பள்ளிக்கூடக் கட்டடம் சுரங்கத்தாருடையது. அவர்கள் தயவால்தான் அப்பா அங்கே தலைமை உபாத்தியாயராக இருக்கிறார். புதிதாய் வந்த மேனேஜர் துரைக்குக் கால்பந்து என்றால் ஜெபத்தைவிட மேல். நம் டீமோ போன வருஷம் முழுவதும் ஒரே ஒரு கோல் போட்டது, அதுவும் நம் கோலுக்குள். சித்திரம் எழுதக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார்தான் அப்போது அதற்கும் வாத்தியார். அவர் குடை பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்பார். பந்து அவர் பக்கம் வந்தால் குடையோடு நகர்ந்துகொள்வார். பந்து எங்கே போகிறதோ அங்கே நம் பதினொருவரும் ஒரே கும்பலாக ஓடுவார்கள். எதிராளிகள் பந்தை எடுத்துக்கொண்டு போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே தேடுவார்கள். இதைப் பார்த்துச் சகிக்காமல் துரை அப்பாவைக் கூப்பிட்டு, இந்த வருஷக் கடைசிப் பந்தயத்தில் சுரங்கத்து ஆட்களின் டீமிடம் தோற்றால் கட்டடத்தைத் துரைமார்களுடைய கிளப்பாக்கிவிடுவேன், உதைக்கத் தெரியாத பையன்களுக்குக் கணக்கு மட்டும் எப்படி வரும் என்று சொல்லிவிட்டார். அப்பா தங்களுக்கு எழுதினார். தாங்கள் உடனே, அநேக வருஷம் ஆட்களை நடத்திப் பழகினவர், அவர் சொல்லுக்கு எவ்வளவு பெரிய ஆளும் அசையாமல் நிற்பான், கோவிலில் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கம் என்று எழுதி, இவரை ரயிலேற்றிவிட்டீர்கள்.

மாமா, தாங்கள் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் ஆட்களை நடத்தினது ஷாஃப்ட் வாயில். இங்கேயே வேறொரு சுரங்கத்தில் பெல்மேனாக இருந்திருக்கிறார். வேலூரில் இருக்கிற தங்களுக்கு இது புரிவதற்காகச் சொல்கிறேன்: ஷாஃப்ட் என்பது சுரங்கத்துக்குள் இறங்குகிற கிணறு. அதற்குள் கயிற்றில் தொங்குகிற இரும்புக் கூண்டு கேஜ்; பூமிக்குள் அது நிற்கிற ஒவ்வொரு தளமும் ஒரு லெவல். பெல்மேன் மணி அடித்தால் எஞ்சின் டிரைவர் அந்தக் கேஜை ஏற்றுவார், இறக்குவார். ஒரு மணி அடித்தால் நில். இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று அடித்தால் உள்ளே ஆள் இருக்கிறது, நிதானமாய் ஏற்று. தங்கவயலில் பேசக் கற்காத குழந்தைக்குக்கூட இது தெரியும். ஏனோக் வாத்தியாருக்கு இதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கால்பந்தை அவர் முதன்முதலில் பார்த்தது நம் பள்ளிக்கூடத்து மைதானத்தில்தான்.

முதல்நாள் பந்தைக் கையில் எடுத்து, கேஜ் கயிற்றைப் பார்ப்பதுபோல் அதன் தையலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். எங்கள் வகுப்புப் பெண்களுக்கு மைதானம் கூடாது, ஆகையால் இதெல்லாம் எட்மண்ட் சித்தப்பா மகன் டேவிட் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன்தான் நம் டீமில் கோல் காக்கிறவன்.

"இன்னாடா இது? உள்ள இன்னா கீது?" என்று கேட்டாராம்.

"காத்து, ஐயா."

"வெறுங்காத்தா? இதுக்கா இம்மாம் பேர் ஓடறீங்க?"

அதற்குமேல் பந்தைப் பற்றி அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. பந்தை டேவிட்டிடம் கொடுத்துவிட்டுப் பையன்களைப் பிரித்தார். பின்னால் நிற்பவர்கள் கீழ் லெவல், நடுவில் நிற்பவர்கள் நடு லெவல், முன்னால் நிற்பவர்கள் மேல் லெவல், டேவிட் ஷாஃப்ட் வாய். தன் லெவலை விட்டு எவனாவது நகர்ந்தால் அவன் செத்தான் என்று கணக்கு. சுரங்கத்தில் கழித்துப் போட்ட பழைய இரும்புத் தகடு ஒன்றை எங்கிருந்தோ சம்பாதித்துவந்து தொங்கவிட்டு அடித்துப் பழக்கினார். இரண்டு அடித்தால் எல்லாரும் கீழே இறங்கிக் கோலைக் காக்க வேண்டும். மூன்று அடித்தால் எல்லாரும் சேர்ந்து மேலே ஏற வேண்டும். ஒன்று அடித்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மற்ற ஊர்ப் பையன்களாயிருந்தால் இதைக் கற்க ஒரு வருஷம் ஆகியிருக்கும். நம் பையன்கள் அந்த மணிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். மறுநாளே பதினொருவரும் ஒரே உடம்புபோல ஏறி இறங்கினார்கள். பந்து எங்கேயிருந்தாலும் சரி, அவர்கள் வரிசையாய் ஏறினார்கள், வரிசையாய் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்துப் பக்கத்துச் சிறு டீம் ஒன்று இதைப் பார்த்துப் பயந்து, யாரும் கோல் போடாமலே பந்தயம் முடிந்தது. தோற்காமல் வீட்டுக்கு வந்த பையன்களை அன்றைக்குச் சுரங்கத்து ஆட்களின் லைன் வீடுகளில் ஆரத்தி எடுக்காத குறைதான். அப்பா தங்களுக்கு நன்றி எழுதியது அப்போதுதான்.

இனிமேல்தான் என்னுடைய விஷயம் வருகிறது. பந்தயம் நடக்கும்போது வாத்தியார் ஓரத்தில் நிற்க வேண்டும், தகட்டை யார் அடிப்பது என்ற கேள்வி வந்தது. ஒரு பையனை வைத்துப் பார்த்தார்கள். அவன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே அடிக்க மறந்தான். இன்னொருவன் சந்தோஷத்தில் கணக்கில்லாமல் அடித்தான். பந்தைப் பார்க்கிறவன் பெல்லு அடிக்கக் கூடாது, ஷாஃப்ட்டில் பெல்மேன் கேஜுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கமாட்டான், சைகையை மட்டுந்தான் பார்ப்பான் என்று ஏனோக் வாத்தியார் சொன்னார். பந்தையே பார்க்காத ஆள் ஊரில் எங்கே கிடைக்கும் என்று எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து யோசித்தவர், ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பா அப்போது கை கழுவப் போயிருந்தார்.

"பாப்பா, உங்க பொம்பளப் புள்ளைங்க ரூமு ஜன்னல் மைதானத்தப் பாத்துத்தான கீது?"

நான் முடியாது என்றுதான் சொன்னேன். பிறகு பரீட்சையை நினைத்தேன். தகட்டை எங்கள் அறைக்குள் கட்டினோம். ஜன்னலில் மூங்கில் தட்டி. தட்டியில் ஒரு துவாரம். அந்தத் துவாரம் வழியாக எனக்குத் தெரிவது ஏனோக் வாத்தியாரின் சிவப்புத் தலைப்பாகை மட்டும். அவர் தலைப்பாகையில் ஒரு கை வைத்தால் ஒன்று அடிக்க வேண்டும். இரண்டு கை வைத்தால் இரண்டு. தலைப்பாகையை எடுத்துவிட்டால் மூன்று. யார் அடிக்கிறார்கள் என்பது டேவிட்டுக்கு மட்டுந்தான் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விசாரணை அன்றைக்கே எங்கள் வீட்டில் முடிந்திருக்கும்.

நேற்றைய பந்தயத்துக்கு நாலு நாள் முன்னால் வேலு என்கிற பையன், அவன்தான் மேல் லெவலில் எல்லாருக்கும் முன்னால் நிற்பவன், வாத்தியாரிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "ஐயா, அவங்க அத்தினி பேரும் ஷாஃப்ட்டுல வேலை பாக்கறவங்க. நம்ம பெல்லு நம்மளவிட அவங்களுக்கு நல்லாத் தெரியுமே." ஏனோக் வாத்தியாருக்கு இது அதுவரையில் தோன்றவே இல்லை. நாம் ஏறப் போகிறோமா இறங்கப் போகிறோமா என்று ஊர் முழுக்கக் கேட்கும்படி மணி அடித்து எதிராளிக்குச் சொல்லிவிட்டு ஆடுகிற டீம் பூமியிலேயே நாங்கள்தான். அன்று ராத்திரி வாத்தியார் எங்கள் வீட்டில் சோறு வேண்டாம் என்றார். மறுநாள் முகம் மலர்ந்து வந்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன் என்றார். இனி ஒன்று அடித்தால் ஏறு. மூன்று அடித்தால் நில். இரண்டு மட்டும் பழையபடி. எதிராளிகள் ஏமாந்துபோவார்கள் என்பது அவர் எண்ணம். பிறந்ததிலிருந்து ஒரு மணிக்கு நின்ற பையன்களை மூன்று நாளில் ஒரு மணிக்கு ஓடப் பழக்கினார். அந்த மூன்று நாளும் மைதானத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்ததில் டேவிட்டுக்கு முன்பல் ஒன்று ஆடுகிறது.

நேற்று மத்தியானம் ஊரே மைதானத்தில் இருந்ததாம். நடுவராக நின்றவர் கேப்டன் துரை. கேப்டன் என்றால் கப்பல் இல்லை, மாமா. பூமிக்குள் வேலை வாங்குகிற வெள்ளைக்காரருக்கு இங்கே அப்படிப் பெயர். மேனேஜர் துரை அவசரமாய் ஒரு லெவலைப் பார்க்கக் கீழே இறங்கியிருந்தார்; பாதி ஆட்டத்துக்குள் ஏறிவந்துவிடுவேன், பரிசை நான்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதல் பாதியில் வாத்தியார் ஒரு கை வைத்தார், நான் ஒன்று அடித்தேன், நம் பையன்களில் பாதிப்பேர் ஓடினார்கள், பாதிப்பேர் நின்றார்கள், நின்றவர்கள் முதுகில் ஓடினவர்கள் மோதினார்கள். அந்தக் குழப்பத்தில் எதிராளிகள் என்ன செய்தார்கள் என்று யாரும் கவனிக்கவில்லை. பிறகு சாவகாசமாய் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டையும் போட்டவன் முனியப்பன் என்கிற ஆள். ஷாஃப்ட்டுக்குள் முட்டு மரம் கட்டுகிற வேலை, தோள் ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு. பாதி ஆட்டத்தில் ஏனோக் வாத்தியார் பையன்களைக் கூப்பிட்டு, இனி மணியே கிடையாது, அவனவன் கர்த்தரை நம்பி ஓடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. தட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது அந்த அவசரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. நான் கையில் சுத்தியலோடு தலைப்பாகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனியப்பன் மூன்றாவது தடவையாகப் பந்தை எடுத்துக்கொண்டு தனியாக ஓடிவந்தானாம். நடுவில் தடுக்க ஆள் இல்லை. டேவிட் கண்ணை மூடிக்கொண்டான், அவனே சொன்னான். பள்ளிக்கூடம் போயிற்று என்று ஏனோக் வாத்தியார் தலையில் ஒரு கையை வைத்துக்கொண்டார். மாமா, துக்கத்தில் வைத்த கைக்கும் சைகைக்கு வைத்த கைக்கும் அந்தத் துவாரத்தில் வித்தியாசம் தெரியாது. நான் ஒன்று அடித்தேன்.

சத்தம் அடங்கிவிட்டது. அவ்வளவு பேர் இருக்கிற மைதானத்தில் ஒரு இருமல்கூட இல்லை. எனக்குப் பயம் வந்து துவாரத்தில் தலைப்பாகையை விட்டு முதல்முறையாக மைதானத்தைப் பார்த்தேன். சுரங்கத்து ஆட்கள் பதினொருவரும் நின்ற நிலையில் நின்றிருந்தார்கள். முனியப்பன் ஒரு காலைத் தூக்கினபடி நின்றான். கேப்டன் துரை விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். ஷாஃப்ட்டுக்குள் ஒரு மணிக்கு நிற்காதவன் வீட்டுக்கு முழுசாய் வருவதில்லை என்பதால் அவர்கள் கால் யாரையும் கேட்காமல் நின்றுவிட்டது. நம் பையன்கள்தான் மூன்று நாளாய் ஒரு மணிக்கு ஓடப் பழகியிருக்கிறார்களே. ஓடினார்கள். வேலு, முனியப்பனுடைய காலடியில் இருந்த பந்தை வழியில் கிடந்த கல்லைத் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டு போய்க் கோலுக்குள் விட்டான். அதன் பிறகுதான் கேப்டன் துரைக்கு மூச்சு வந்து விசில் ஊதினார்.

அதற்குப் பிறகு ஏனோக் வாத்தியார் கையைத் தலைப்பாகையிலிருந்து எடுத்தால் கேளுங்கள். நான் ஒன்று அடித்தேன். அவர்கள் நின்றார்கள். அது பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற மணி என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நின்றார்கள். "நிக்காதீங்கடா, அது பள்ளிக்கூடத்து பெல்லுடா" என்று முனியப்பன் நின்றுகொண்டே கத்தினான். இரண்டாவது கோலும் விழுந்தது. பிறகு எங்கிருந்தோ மூன்று மணி கேட்டது. நான் அடிக்கவில்லை. மூன்று என்றால் நில் என்று கற்ற நம் பையன்கள் பந்தோடு அப்படியே நின்றுவிட்டார்கள், நல்ல சந்தர்ப்பம் ஒன்று வீணாயிற்று. கடைசியில் நான் இன்னொரு ஒன்று அடிக்க, வேலு மூன்றாவதையும் போட்டான். நாங்கள் ஜெயித்தோம். பள்ளிக்கூடம் பிழைத்தது என்று நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே முழங்காலில் நின்றேன்.

ஜெபம் முடியவில்லை, வெளியே கூச்சல் வேறு மாதிரி ஆயிற்று. வேளையில்லாத வேளையில் ஒரு மணி கேட்டால் கீழே ஏதோ ஆகிவிட்டது என்றுதான் இங்கே பெண்கள் நினைப்பார்கள். முறுக்கு விற்றுக்கொண்டிருந்த ரத்தினம்மா கூடையை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடியிருக்கிறாள், அவள் மகன் அந்த ஷிப்டில் கீழே இருந்தான். அவளைப் பார்த்து இன்னும் பலர் ஓடினார்கள். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிய வெகுநேரம் ஆயிற்று. ரத்தினம்மா தன் மகன் மேலே வந்த பிறகும் அவன் கையை விடவில்லையாம். அதை நினைத்தால் எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. ஆனால் நிஜமாகவே கேஜ் ஒன்று நடுக் கிணற்றில் நின்றுதான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்கும் எஞ்சின் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்; இதுவரை நாங்கள் அடித்ததெல்லாம் கேஜ் ஓடாத வேளையாய்ப் போயிற்று. நம் தகடும் ஷாஃப்ட் தகடும் ஒரே இரும்பு, ஒரே சத்தம். நான் ஒன்று அடித்ததும் எஞ்சின் டிரைவர் கேஜை நிறுத்திவிட்டார். உள்ளே இருந்தவர் பரிசு கொடுக்க அவசர அவசரமாக ஏறிவந்துகொண்டிருந்த மேனேஜர் துரை. அவர் இருட்டில் தொங்கியபடி மணிக் கயிற்றை இழுத்து மூன்று அடித்திருக்கிறார், டிரைவர் ஏற்றியிருக்கிறார், அதற்குள் நான் இன்னொரு ஒன்று. நம் பையன்களை நடு மைதானத்தில் நிறுத்திய மூன்று மணி துரை அடித்ததுதான். ஒவ்வொரு கோலுக்கும் துரை ஒரு தரம் தொங்கினார் என்று டேவிட் சிரிக்கிறான். அவனுக்கு என்ன, அவன் ஆண்பிள்ளை.

துரை மேலே வந்தபோது பந்தயம் முடிந்துவிட்டது. முகம் செங்கல் நிறமாயிருந்ததாம். கள்ள மணி அடிப்பது பெரிய குற்றம், அடித்தவனைப் போலீசில் கொடுப்பேன், திங்கட்கிழமைக் காலை பள்ளிக்கூடத்தில் விசாரணை, எல்லாரும் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அடித்தவன் இல்லை, அடித்தவள் என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ. ஒரு பெண்பிள்ளை ஆண்கள் பந்தயத்தில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து மேனேஜரைக் கிணற்றில் தொங்கவிட்டாள் என்றால், கோவில் கமிட்டியார் பெண்கள் வகுப்பை அன்றைக்கே பூட்டுவார்கள், பூட்டுவது நியாயந்தான் என்று அம்மாவே சொல்வாள். ஏனோக் வாத்தியாரோ நான்தான் அடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன் என்கிறார். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு மைதானத்தில் நின்றதை ஊரே பார்த்திருக்கிறது.

ஆகையால் மாமா, தாங்கள் மனமிரங்கி வந்து இவரை அழைத்துப் போங்கள். என்னையும் அழைத்துப் போய் வேலூரில் பெண்கள் போர்டிங்கில் எந்த வேலையிலாவது சேர்த்துவிடுங்கள், பாத்திரம் தேய்த்துக்கொண்டாவது பரீட்சைக்குப் படிப்பேன். இனி எந்த மணியையும் கையால் தொடமாட்டேன். கால்பந்து என்ற வார்த்தையை வாயாலும் சொல்லமாட்டேன். நம் பள்ளிக்கூடத்தில் அந்த ஆட்டம் இத்தோடு ஒழிந்துபோக வேண்டும் என்று நாளைக் காலை உபவாசம் இருக்கப் போகிறேன்.

அத்தைக்கு என் ஸ்தோத்திரம். குழந்தைகளுக்கு முத்தங்கள். கர்த்தர் தங்களையும் தங்கள் வீட்டாரையும் காத்து நடத்துவாராக. குறட்டை நின்றுவிட்டது.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
ஞானசுந்தரி

பின்குறிப்பு. திங்கட்கிழமை மத்தியானம். தாங்கள் புறப்பட வேண்டாம். மேலே எழுதியிருப்பவை ஒன்றும் நடக்கவில்லை. விசாரணையில் அப்படித்தான் தீர்ந்தது. துரை முதலில் கேப்டன் துரையைக் கேட்டார். மணி அடித்தது என்றால் அந்த மணிக்கு நடுவரே விசிலோடு நின்றதையும் சொல்ல வேண்டும். அவர் தம் காதில் மணி எதுவும் விழவில்லை என்றார். எஞ்சின் டிரைவர் பள்ளிக்கூடத்து மணிக்குக் கேஜை நிறுத்தினேன் என்றால் வேலை போகும். கயிற்றில் ஏதோ சந்தேகம், அதனால்தான் மூன்று தரம் நிறுத்திப் பார்த்தேன் என்றார். முனியப்பனைக் கேட்டார். மணிச் சத்தத்துக்குப் பயந்து பள்ளிப் பிள்ளைகளிடம் தோற்றேன் என்று எந்த ஷாஃப்ட் ஆள் சொல்வான். "வெயிலு கண்ணுல அடிச்சுது துரை" என்றான். வானம் நேற்று முன்தினம் முழுக்க மூடியிருந்தது. கடைசியில் அப்பாவைக் கேட்டார். நான் எங்கள் அறைத் தட்டிக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன், ஏனென்றால் அப்பா பொய் சொல்லமாட்டார். சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, விடுமுறை நாளில் மணி அடிக்கும் வழக்கம் இல்லை என்று அப்பா சொன்னார். மணி அடிக்கவில்லை என்று துரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பிறகு எத்தனை கோல் என்று கேட்டு, கட்டடம் உங்களுக்கே என்று அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அப்பா எங்கள் அறைக்குள் வந்தார். என் உள்ளங்கையில் சுத்தியல் பிடித்த கொப்புளத்தைப் பார்த்தார். தேங்காயெண்ணெய் போட்டுக்கொள், பரீட்சைக்கு இன்னும் கணக்கு முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதற்கப்புறம்தான் சாப்பிட்டேன். ரத்தினம்மாவுக்கு மட்டும் நான் என்றைக்காவது சொல்ல வேண்டும்.

துரை இப்போது ஒரே உற்சாகத்தில் பெங்களூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்து டீமை அழைத்திருக்கிறார். ஏனோக் வாத்தியார் என்னிடம் வந்து, பெங்களூர்ப் பையன்களை நம் மணிக்கு நிற்கும்படி எப்படிப் பழக்குவது என்று யோசனை கேட்டார். பழக்க முடியாது என்றேன். அந்த மணிக்குக் கால் தானாக நிற்க வேண்டுமானால் வீட்டில் யாராவது தினமும் கீழே இறங்க வேண்டும், அவர்களுடைய அப்பாக்கள் எல்லாரும் ஆபீசுக்குப் போகிறவர்கள்.

"அப்போ இன்னாதான் பண்றது, பாப்பா?"

பையன்களுக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்துப் பார்க்கலாம் என்றேன். அதைக் கேட்டதிலிருந்து அவர் மிகவும் மனமுடைந்து உட்கார்ந்திருக்கிறார். தாங்கள் அவருக்கு ஆறுதலாக நாலு வரி எழுத வேண்டும்.